வெண்டைக்காய் சொல்லித் தரும் கணக்கு!

வெண்டைக்காய் நறுக்கும்போது காம்புப் பக்கத்தை வெட்டி எறிவது வழக்கம். அது சாம்பாருக்கும் ஆகாது, பொரியலுக்கும் ஆகாது.

அந்தத் துண்டை எறியாதீர்கள். துணிக்குப் போடும் நீலத்தில் தொட்டு, ஒரு தாளில் அழுத்திப் பாருங்கள். அழகான பூ ஒன்று பதியும்.

இதழ்களை எண்ணுங்கள். பெரும்பாலும் ஐந்து இருக்கும். சில காய்களில் ஆறு, ஏழு கூட இருப்பதுண்டு.

பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம் கேளுங்கள்: "இதைக் கொஞ்சம் சுழற்றி வைத்தால் அதே பூ வருமா?"

குழந்தை சுழற்றும், வைக்கும், உற்றுப் பார்க்கும். "ஒவ்வொரு இதழாகச் சுழற்றினால் அதே பூதான் வருகிறது. ஐந்தாவது தடவை பழைய இடத்துக்கே வந்துவிட்டது!" என்று கூவும்.

அவ்வளவுதான்! வடிவ கணிதம் என்னும் பெரிய வீட்டுக்குள் அந்தக் குழந்தை காலெடுத்து வைத்துவிட்டது. யாரும் அதட்டவில்லை. யாரும் பிரம்பைக் காட்டவில்லை.

இப்படிப்பட்ட அச்சுப் பாடத்தை எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது நடத்த வேண்டும். இது விளையாட்டுப் பேச்சு அல்ல. குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு.

"இவனுக்குக் கணக்கு வராது!"

எத்தனையோ வீடுகளில் இந்த வார்த்தை காதில் விழுகிறது. பையனுக்கு எட்டு வயதுதான் இருக்கும். ஒரு பரீட்சையில் மார்க் குறைந்திருக்கும். உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெண் குழந்தையாக இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே சொல்லிவிடுகிறார்கள்.

அந்தக் குழந்தையும் அதை நம்பிவிடுகிறது. கணக்கு நோட்டைக் கண்டாலே கை நடுங்குகிறது. மேல் வகுப்புக்குப் போகப் போக பயம் வளர்கிறது. கடைசியில் டாக்டர் படிப்பு, என்ஜினீயர் படிப்பு மட்டும் அல்ல, தச்சு வேலை, தையல் வேலைக்கு வேண்டிய அளவுக் கணக்கு கூட எட்டாமல் போய்விடுகிறது.

குற்றம் யாருடையது? "நான்கு பக்கங்களும் சமமாகவும், நான்கு கோணங்களும் செங்கோணங்களாகவும் உள்ள உருவம் சதுரம்" என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். குழந்தை கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறது. அந்தச் சதுரத்தைச் சற்றுச் சாய்த்து வரைந்து காட்டினால், "இது சதுரம் இல்லை" என்கிறது! வார்த்தை மனதில் இருக்கிறது. வடிவம் மனதில் இல்லை.

கையில் சதுர அச்சு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நேராக வைத்தாலும், சாய்த்து வைத்தாலும், தலைகீழாக வைத்தாலும் பதிவது ஒரே வடிவம்தான் என்பதை அது தன் கையாலேயே தெரிந்துகொள்ளும். 

தகப்பனைப் போலவே இருக்கும் பிள்ளையை "அச்சில் வார்த்தது போல" என்கிறோம் அல்லவா? அந்த அச்சுப் பேச்சுக்குக் கணக்குப் புத்தகத்தில் "சர்வசமம்" என்று பெயர். பெயர் பெரிது; விஷயம் சிறிது!

செலவு எவ்வளவு?

தீப்பெட்டி ஒன்றில் நூலை இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். மையில் தொட்டு அழுத்தினால் இணைகோடுகள் விழும். அதையே கால் சுற்றுத் திருப்பி மேலே அழுத்தினால் கட்டம் போட்ட துணி மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு மூலையிலும் செங்கோணம்!

காரட்டை நேராக வெட்டினால் வட்டம். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். பென்சில் முனையிலுள்ள ரப்பரால் மூன்று புள்ளி வைத்தால் ஆய்த எழுத்து. அந்தப் புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால் முக்கோணம்.

மைக்கு நீலம் போதும். மஞ்சள் தண்ணீர், பீட்ரூட் சாறு இவையும் ஆகும். கொஞ்சம் கஞ்சி கலந்தால் வழியாது. மடித்த பழந்துணியில் ஊற்றி வைத்தால் மை ஒற்றும் பெட்டி தயார். பழைய செய்தித்தாளே அச்சடிக்கும் தாள்.

உணவுப் பொருளை வீணாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்ல காய் வேண்டாம். நறுக்கி எறியும் துண்டும், வாடிப்போன காயும் போதும். கத்தியைக் குழந்தை தொட வேண்டாம்; வெட்டுவது பெரியவர் வேலை. காயே வேண்டாம் என்றாலும் சரி, தடித்த அட்டையை வெட்டித் தீப்பெட்டியில் ஒட்டினால் அதுவும் அச்சுத்தான்.

மாங்காயின் மர்மம்

புடவைக் கரையில் மாங்காய் உருவம் பார்த்திருப்பீர்கள். அதன் நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். எதிரும் புதிருமாக இரண்டு மாங்காய் வேண்டும். ஒன்று இடப்பக்கம் பார்க்க வேண்டும். மற்றது வலப்பக்கம் பார்க்க வேண்டும். ஒரே அச்சால் இரண்டையும் போட முடியுமா?

குழந்தையிடம் ஒரு மாங்காய் அச்சைக் கொடுத்து விட்டுவிடுங்கள். அது நகர்த்திப் பார்க்கும். சுழற்றிப் பார்க்கும். தலைகீழாக வைத்துப் பார்க்கும். ஊஹூம்! நடக்காது. இடது மாங்காய் ஒருநாளும் வலது மாங்காய் ஆகாது. அதற்குத் தனியாக இன்னொரு அச்சுச் செய்தே ஆக வேண்டும்.

இதில் ஒரு பெரிய கணித உண்மை அடங்கியிருக்கிறது. ஓர் உருவத்தை நகர்த்தலாம், சுழற்றலாம், கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பலாம். முதல் இரண்டையும் ஓர் அச்சு செய்துவிடும். மூன்றாவதை அதனால் செய்ய முடியாது. கல்லூரியில் படிக்கும் இந்தச் சங்கதியை, கையில் மை படிந்த எட்டு வயதுச் சிறுமி ஒரு மத்தியான வேளையில் கண்டுபிடித்துவிடுகிறாள்!

எழுத்தை வெட்டும்போதும் இதே வேடிக்கைதான். "ட" என்று வெட்டினால் தாளில் திரும்பி விழும். "ப" என்று வெட்டினால் "ப" ஆகவே விழும். ஏன் இப்படி? ஒரு கேள்வி போதும், வகுப்பே பரபரப்பாகிவிடும். ஆம்புலன்ஸ் வண்டியின் முன்னால் எழுத்துக்களைத் திருப்பி எழுதியிருப்பது ஏன் என்பதும் அன்றைக்குப் புரிந்துவிடும்.

பெருக்கலும் வரும்!

ஒரு தாளில் சதுர அச்சை இடைவெளி இல்லாமல் பதியுங்கள். ஒரு வரிசையில் 6. அப்படி 4 வரிசை. மொத்தம் 24. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு வருவது ஏன் என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி முக்கோண அச்சு செய்யுங்கள். ஒரு சதுரத்தை நிரப்ப இரண்டு முக்கோணம் வேண்டும். முக்கோணத்தின் பரப்பில் "பாதி" எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துபோகும்.

ஆறு சமபக்க முக்கோணங்கள் ஒரு புள்ளியைச் சுற்றிச் சரியாக உட்காரும். நான்கு சதுரங்கள் உட்காரும். தேன்கூட்டில் இருப்பது போல மூன்று அறுகோணங்களும் உட்காரும். ஐங்கோணம் மட்டும் உட்காராது. மூன்று வைத்தால் சந்து விழும். நான்காவதற்கு இடம் இல்லை. ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324. முழுச் சுற்றான 360-க்கு இன்னும் 36 பாகை குறைகிறது. அந்தச் சந்தைக் கண்ணால் பார்த்த குழந்தை இந்தக் கணக்கை மறக்குமா?

கணக்கில் தோற்றவர், கணித மகாநாட்டில்!

ஹாலந்து நாட்டில் எஷர் என்று ஒருவர் இருந்தார். 1898-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கணக்கு வரவில்லை. பள்ளி இறுதிப் பரீட்சையிலும் தேறவில்லை. மரக்கட்டையில் சித்திரம் செதுக்கி அச்சடிக்கும் கலையைக் கற்றார்.

1936-ம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்திலுள்ள அல்ஹாம்ப்ரா அரண்மனைக்குப் போனார். அங்கே சுவரெல்லாம் ஓட்டு வேலை. சந்து இல்லாமல் உருவங்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. எஷர் உட்கார்ந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். பிறகு ஓட்டு உருவங்களுக்குப் பதிலாகப் பறவைகளையும் மீன்களையும் அப்படியே பொருத்தி அச்சடித்தார். 1938-ல் அவர் அச்சிட்ட "பகலும் இரவும்" என்ற படத்தில் வெள்ளைப் பறவைகள் ஒரு பக்கம் பறக்கின்றன. கறுப்புப் பறவைகள் எதிர்ப்பக்கம் பறக்கின்றன. ஒன்றின் இடைவெளியே மற்றதன் உடல்!

1954-ம் ஆண்டில் உலகக் கணித மேதைகளின் மகாநாடு ஆம்ஸ்டர்டாமில் கூடியது. அதையொட்டி எஷரின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். அதைப் பார்த்து வியந்த மாணவர்களில் ஒருவர் ரோஜர் பென்ரோஸ். 2020-ல் பௌதிக நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

பள்ளிக்கூடம் "வராது" என்றது. கை "வரும்" என்றது. எது ஜெயித்தது?

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. கடைகளில் ஆயிரமாயிரம் புடவை டிசைன்கள் தொங்குகின்றன. ஆனால் ஓர் உருவத்தைத் திரும்பத் திரும்ப வைத்து ஒரு பரப்பை நிரப்பும் முறைகள் மொத்தம் 17 தான்! ருஷ்ய அறிஞர் பெடரோவ் 1891-ல் இதை நிரூபித்தார். கரைக்கு மட்டும் என்றால் 7 முறைகள்தான்.

ஆட்சேபம் சரியா?

பள்ளியில் கைவேலை என்றதும் சிலருக்குப் பழைய நினைவு வரும். 1953-ல் சென்னை மாகாணத்தில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. "குலக் கல்வி" என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜ் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. 

அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அச்சுப் பாடம் யாரையும் தகப்பன் தொழிலுக்கு அனுப்பவில்லை. டாக்டர் மகனும், வண்டிக்காரர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வெண்டைக்காயை அழுத்துகிறார்கள். கையில் தொடங்கினாலும் போய்ச் சேரும் இடம் மூளைதான்.

"ஆசிரியருக்கு நேரம் எங்கே?" என்பது அடுத்த ஆட்சேபம். பல தொடக்கப் பள்ளிகளில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்கள் என்பது உண்மை. அங்கேதான் இது அதிகமாக உதவும். அதே அச்சை வைத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளை எண்ணலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கோணம் அளக்கலாம். ஒரு வகுப்பு அச்சடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு வகுப்புக்குப் பாடம் நடத்தலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பூப்பூவாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதோடு நின்றுவிட்டால் அது சித்திரப் பாடம். "எத்தனை? ஏன்? திருப்பினால் என்ன ஆகும்?" என்று கேட்டால்தான் அது கணக்குப் பாடம். மை தொட்ட பிறகு கேள்வி வர வேண்டும். கேள்விக்குப் பிறகுதான் புத்தகத்திலுள்ள பெயர் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை.

பெற்றோர்கள் பள்ளியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுப்படியில் காய் நறுக்கும் நேரம் இருக்கிறது. பழைய செய்தித்தாள் இருக்கிறது.

குழந்தையின் கையில் நீலம் ஒட்டும். சட்டையிலும் கொஞ்சம் ஒட்டும். சோப்புப் போட்டால் போய்விடும்.

"உனக்குக் கணக்கு வராது" என்ற சொல் மனதில் ஒட்டினால், அதைக் கழுவ எந்தச் சோப்பும் இல்லை!