எட்டு மரணமும் ஒரு தரவரிசையும்

பிரசவத்தில் தாய் இறப்பு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று வருடா வருடம் பார்த்தாலே எந்த மாவட்டம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிந்துவிடுமாம். சென்னைக்கு வேண்டுமானால் அது ஓரளவு ஒத்துவரும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஒத்துவராது.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. தமிழ்நாட்டிலேயே அதுதான் குறைவு. வருடத்துக்கு 8,000 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். 2018-20இல் மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 54. அந்தக் கணக்கில் இங்கே வருடத்துக்கு நாலு சொச்சம் இறப்பு வரும். ஆஸ்பத்திரிகளில் ஒரு துரும்பும் அசையாவிட்டாலும் 14 வருடத்தில் ஒருமுறை அது எட்டோ அதற்கு மேலோ ஆகும். இன்னொருமுறை ஒன்றோ பூஜ்யமோ ஆகும். விகிதமாக எழுதினால் எட்டு என்பது 100, ஒன்று என்பது 12.5. ஒரு வருடம் பொன்னாடை, மறு வருடம் மெமோ.

எல்லைக்கோடும் கணக்கோடு விளையாடும். 2001இல் அரியலூரைப் பிரித்தார்கள், 2002இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். அதே ஊர்கள், அதே தாய்மார்கள். பிரிக்கும்போதெல்லாம் எண்ணிக்கை சிறுத்தது. சிறுத்த எண் கூடுதலாகத் துள்ளும்.

‘சாஃப்ட்வேரே வித்தியாசம் உண்டு என்கிறதே’ என்பார்கள். சரி, இரண்டு மாவட்டம், தலா 8,000 பிரசவம்; ஒன்றில் 7 இறப்பு, மற்றதில் 1. கை-ஸ்கொயர் சோதனை போட்டால் p மதிப்பு 0.034 வரும். 0.05க்குக் கீழே, ஆகவே வித்தியாசம் நிஜம் என்று எழுதிவிடுவார்கள். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: பாதிக் கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்கும் குறைவு, மிகக் குறைந்தது 4. அதாவது, இந்தச் சோதனையை இங்கே நம்ப முடியாது. ஆய்வேட்டில் ஒட்டும்போது அந்த வரியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இரண்டு மாவட்டமும் ஒன்றேபோல என்றால் ஒவ்வொரு இறப்பும் ஒரு நாணயச் சுண்டல்தான்: எட்டு நாணயத்தைச் சுண்டினால் ஏழோ எட்டோ ஒரே பக்கம் விழ 256இல் 18 வாய்ப்பு, அதாவது 0.07. சிறு எண்களுக்கான ஃபிஷர் சோதனையும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

‘எங்களிடம் பூஜ்யம்’ என்பதும் ஒரு வாதம். ஒரு மருந்தை 300 பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் கெடுதல் இல்லையா? பூஜ்யத்துக்கான தோராய விதிப்படி மூன்றை 300ஆல் வகுங்கள். நூற்றுக்கு ஒருவர் வரை கெடுதல் இருக்கலாம் என்பதை அந்தப் பூஜ்யம் மறுக்கவில்லை.

‘அப்போ சின்ன மாவட்டத்துக்குக் கணக்கே வேண்டாமா?’ வேண்டும், சேர்த்து வேண்டும். மாதிரிப் பதிவுத் திட்டம் மாநில விகிதத்தையே மூன்று வருடத் தரவைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறது. தரவரிசைக்குப் போதாத நாலு மரணம் விசாரணைக்குத் தாராளமாகப் போதும்: ரத்தப்போக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது, 108 எத்தனை மணிக்கு வந்தது, திருச்சிக்கு அனுப்ப முடிவெடுத்தது யார், அங்கே அந்தத் தாய்க்குத் தேவையான வகை ரத்தம் இருந்ததா.