79 கிலோ மிட்டாய், ஒரு நோயாளி, சுவரில் ஒரு குறிப்பு: அமெரிக்க மியூசியங்களில் என்ன சண்டை?

மியூசியத்தின் ஒரு மூலை. கலர் கலர் காகிதம் சுற்றிய மிட்டாய்கள் தரையில் குவிந்து கிடக்கின்றன. கண்ணாடிப் பெட்டி இல்லை, 'தொடாதீர்கள்' போர்டும் இல்லை. ஒன்றை எடுத்துப் பிரித்து நீங்கள் வாயில் போட்டுக்கொள்ளலாம். காவலர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நம்புங்கள், இது ஒரு சிற்பம். இன்னும் சரியாகச் சொன்னால், எய்ட்ஸ் நோயால் இறந்துபோன ஓர் ஆணின் உருவச்சிலை. இதைச் செய்தவர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ். 1957ல் கியூபாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். சிலைக்குரியவர் அவருடைய காதலர் ராஸ் லேகாக். 1991 ஜனவரியில் ராஸ் இறந்தார், அதே ஆண்டில் இந்தப் படைப்பு உருவானது. அதன் பெயர்: 'தலைப்பில்லாதது' (லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்).

மிட்டாய் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. பக்கத்துச் சுவரில் ஒட்டும் சின்ன விளக்கக் குறிப்பில்தான் பிரச்சினை.

என்ன நடந்தது?

இந்தப் படைப்பு சிகாகோ கலை நிறுவன மியூசியத்தில் இருக்கிறது. 2022ல் அங்கே மாட்டியிருந்த குறிப்பைப் படித்த ஒரு பார்வையாளருக்கு ஏதோ இடித்தது. பழைய குறிப்பில் ராஸ் யார், எப்படி இறந்தார் என்று இருந்தது. புதியது எடையைப் பற்றிப் பேசியது, ஆனால் அது யாருடைய எடை, அவருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லவில்லை. எய்ட்ஸ் என்ற சொல்லே காணோம். அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், அது ட்விட்டரில் பரவியது. எதிர்ப்பு கிளம்பியதும் மியூசியம் குறிப்பைத் திருத்தி ராஸையும் எய்ட்ஸையும் திரும்பச் சேர்த்தது.

அதோடு முடியவில்லை. 2024 அக்டோபரில் வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்பட மியூசியம் இந்தக் கலைஞருக்காக ஒரு பெரிய கண்காட்சி தொடங்கியது. 2025 ஜனவரியில் அதே குற்றச்சாட்டு மறுபடி எழுந்தது: மிட்டாய்க் குவியலின் பக்கத்தில் இருக்கும் குறிப்பில் ராஸின் நோய் இல்லை, கலைஞரின் அடையாளம் மழுப்பப்படுகிறது என்று. மியூசியம் மறுத்தது. அரங்கில் வேறு இடங்களில் உள்ள குறிப்புகளில் இவை சொல்லப்பட்டிருக்கின்றன என்றது. சில கலை விமர்சகர்களும் மியூசியம் பக்கம் நின்றார்கள். அந்த மியூசியம் அரசு நிதி பெறும் ஸ்மித்சோனியன் அமைப்பைச் சேர்ந்தது என்பது விஷயத்தை இன்னும் சூடாக்கியது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஸ்மித்சோனியன் மியூசியங்களின் உள்ளடக்கத்தையே குறிவைத்து ஓர் உத்தரவு போட்டார். அதன் பிறகு சுவர்க் குறிப்பில் எந்தச் சொல் இருக்கிறது, எது இல்லை என்பது வெறும் மியூசியம் வேலை இல்லை, அரசியல்.

சரி, நாலு வரிக் குறிப்புக்கு ஏன் இவ்வளவு? இதைப் புரிந்துகொள்ள, மிட்டாய் எப்படி மனிதன் ஆனது என்று பார்க்க வேண்டும்.

குறையும், திரும்ப நிரப்பப்படும் உடல்

இந்தப் படைப்புக்குக் கலைஞர் குறித்த 'சரியான எடை' 175 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 79 கிலோ. ராஸ் ஆரோக்கியமாக இருந்தபோது இருந்த எடை இது என்றே பரவலாகப் படிக்கப்படுகிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு மிட்டாய் எடுக்க எடுக்கக் குவியல் மெலிகிறது. எய்ட்ஸ் நோயாளி கண்முன்னால் இளைத்துப் போவதை அந்தக் காலத்தில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கொடூரமான யோசனைதான். நாம் சந்தோஷமாகச் சப்பிக்கொண்டிருப்பது ஒருவரின் உடலை. ஆனால் அதற்குள் ஒரு பாசமும் இருக்கிறது. குவியல் தீர்ந்தால் மியூசியம் மறுபடி நிரப்பலாம். ஆஸ்பத்திரியில் நடக்காதது இங்கே நடக்கும்: போன எடை திரும்பி வரும்.

இன்னொரு விஷயம். இந்தச் சிற்பத்தில் கலைஞரின் கை பட்ட பொருள் என்று ஒன்றுமே கிடையாது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். அதில் எடை, எந்த மாதிரி மிட்டாய், எப்படி வைக்கலாம் என்ற விவரங்கள் இருக்கும். மிட்டாயை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிக் கொட்ட வேண்டும். அதாவது 1991ல் கொட்டிய மிட்டாயில் ஒன்றுகூட இன்று இல்லை. நிலைத்திருப்பது தலைப்பும் எடையும்தான்.

அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு குவியலின் பெயரைத் தமிழில் 'போலி மாத்திரை' எனலாம். வெள்ளிக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள், எடை 1000 முதல் 1200 பவுண்டு. புது மருந்தைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுப்பார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. எய்ட்ஸுக்கு முதலில் வந்த ஏ.இசட்.டி மருந்தின் சோதனையில் 282 பேர் கலந்துகொண்டார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 1987ல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இந்தக் கணக்கு தெரிந்த ஒருவர் அந்த வெள்ளி மிட்டாயைக் கையில் எடுக்கும்போது, மிட்டாய் வெறும் மிட்டாயாக இருக்காது.

கொன்சாலஸ்-டோரஸும் அதே நோயால் 1996 ஜனவரியில் இறந்தார். வயது 38. எய்ட்ஸைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானது அந்த ஆண்டில்தான்.

கடையில் வாங்கியது எப்படிச் சிற்பம்?

1917ல் மார்செல் டூஷாம்ப் ஒரு பீங்கான் சிறுநீர்த் தொட்டியை வாங்கி, அதில் ஒரு புனைபெயரைக் கையெழுத்திட்டு, 'நீரூற்று' என்று நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். அமைப்பாளர்கள் வைக்க மறுத்தார்கள். தயார்ப் பொருளைக் கலையாக வைக்கும் வழக்கம் பேர் பெற்றது அதிலிருந்துதான். 'இதை நானே செய்வேனே' என்ற கமெண்ட் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

டூஷாம்புக்கு அது பெரும்பாலும் மூளைக்கு ஒரு விளையாட்டு. அதே உத்தியை நோயாளிகள் கையில் எடுத்தபோது விளையாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. காரணம் எளிது. நோய் என்பதே தயார்ப் பொருட்களால் ஆன வாழ்க்கை. வீட்டில் நீண்ட நாள் நோயாளி இருப்பவர்களுக்கு இது தெரியும். காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்த மாத்திரை டப்பா, ஸ்கேன் ஃபிலிம் வைத்த பெரிய கவர், பழைய சீட்டுகள் அடைத்த பிளாஸ்டிக் பை, கட்டிலுக்கடியில் பெட் பேன். எதையும் நோயாளி விரும்பி வாங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஆனால் அந்த உடலோடு ஒட்டிக்கொண்ட பிறகு அதைவிட அந்தரங்கமான பொருள் வேறு கிடையாது.

அமெரிக்கக் கலைஞர் ஹன்னா வில்கே புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தபோது, 1992ல் ஒரு பறவைக் கூண்டுக்குள் தன் மருந்து பாட்டில்களையும் சிரிஞ்சுகளையும் அடைத்தார். டூஷாம்பும் 1921ல் ஒரு சின்னக் கூண்டைக் கலையாக வைத்திருந்தார், அதில் சர்க்கரைக் கட்டி போலத் தெரியும் பளிங்குத் துண்டுகள். வில்கே அந்தத் தலைப்பையே எடுத்துக்கொண்டார், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினார். 1993 ஜனவரியில் இறந்துபோனார்.

பிரிட்டன் கலைஞர் டொனால்ட் ராட்னியின் கதை இன்னும் நேரடியானது. ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம், பிறவியிலேயே அரிவாள் செல் ரத்தசோகை. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறிய குழாய்களை அடைத்துக்கொள்ளும், தாங்க முடியாத வலி வரும், எலும்புகள் சேதமாகும். நமக்கும் இந்த நோய் தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவில் இது முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952ல். 2047க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு தனித் திட்டம் தொடங்கியது 2023 ஜூலையில்தான்.

ராட்னி ஆஸ்பத்திரியில் ஒதுக்கிப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்களை ஒட்டி அதன்மேல் படம் வரைந்தார். அறுவை சிகிச்சையில் எடுத்த தன் தோலைத் தையல்காரர் குண்டூசியால் கோத்து உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி வீடு செய்தார். 1997ல் லண்டனில் நடந்த அவரது கடைசிக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு உடல்நிலை காரணமாக அவரால் போக முடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு காலி வீல்சேர் போனது. சென்சார்களும் கணினியும் பொருத்திய மோட்டார் வீல்சேர், தானாகவே வந்தவர்களுக்கு இடையில் மோதாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், 36 வயதில் அவர் இறந்தார். 2024, 2025ல் பிரிஸ்டல், நாட்டிங்காம், லண்டன் என்று சுற்றிய அவரது பெரிய கண்காட்சியில் அந்த நாற்காலி மறுபடி ஓடியது.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். ஆளில்லாத வீல்சேரைப் பார்த்தால், யாரும் சொல்லாமலேயே, உட்கார வேண்டியவர் எங்கே என்று மனம் கேட்கும். சிரிஞ்சுக்கும் குறிப்பு வேண்டாம். மிட்டாய் அப்படி இல்லை. மிட்டாயைப் பார்த்தால் பிறந்தநாள்தான் ஞாபகம் வரும்! அதில் நோய் எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை. அது இருப்பது சொல்லில் மட்டும். சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 79 கிலோ இனிப்பு.

அப்போ மியூசியம் செய்தது தப்பா?

இங்கேதான் சிக்கல். எதிர்த்தரப்பு வாதத்தில் உண்மை இருக்கிறது.

கொன்சாலஸ்-டோரஸே தன் படைப்புக்கு ஒற்றை அர்த்தம் வைப்பதை விரும்பாதவர். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 'தலைப்பில்லாதது' என்றே பெயர் வைத்தார். அதற்குக் காரணமும் இருந்தது. 1989ல் ராபர்ட் மேப்பிள்தோர்ப்பின் புகைப்படக் கண்காட்சியை, அரசியல் நெருக்கடிக்குப் பயந்து வாஷிங்டனில் ஒரு மியூசியம் ரத்து செய்தது. ஓரினக் காதலை வெளிப்படையாகக் காட்டும் கலைக்கு அரசுப் பணம் கூடாது என்று செனட்டில் முழக்கம் நடந்த காலம். மிட்டாயையும் கடிகாரத்தையும் எந்த செனட்டர் தடை செய்வார்? ஒரு வைரஸ் மாதிரி அமைப்புக்குள்ளேயே நுழைய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. மௌனம் அவரது ஆயுதம்.

ஆனால் அந்த ஆயுதம் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருந்தது. 1991ல் நியூயார்க் அரங்குக்குள் வந்தவர்களில் பலர் யாரோ ஒரு நண்பரைப் புதைத்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு '175 பவுண்டு' என்றாலே போதும். இன்று வரும் 20 வயதுக் கல்லூரி மாணவருக்கு அந்த ஞாபகம் இல்லை, இருக்கவும் முடியாது. அன்று எல்லோருக்கும் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது தந்திரம். யாருக்கும் தெரியாதபோது அதே விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், விஷயமே இல்லாமல் போகும்.

நோயாளியின் பெயரை மறைப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகள் 1986ல் சென்னையில் கண்டறியப்பட்டன, டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். அப்போதிருந்து இங்கே இந்த நோய் சுமந்த அவமானம் கொஞ்சமல்ல. அதனால்தான் ஒருவரின் எச்.ஐ.வி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017ல் சட்டமே வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் உயிர் 'சம்மதம்' என்ற சொல்லில் இருக்கிறது. யார் சொல்வது என்பதை நோயாளியும் அவருடையவர்களும் தீர்மானிக்கட்டும் என்பதே அதன் பொருள். மிட்டாய் விஷயத்தில், தலைப்புக்குள் ராஸ் பெயரை வைத்தது அவர் இறந்துபோவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். வெளியார் யாரும் அதைத் தோண்டி எடுக்கவில்லை.

வாஷிங்டன் கண்காட்சி 2025 ஜூலையில் முடிந்தது. இந்தக் கலைஞரின் மிட்டாய்க் குவியல்கள் இன்னும் பல மியூசியங்களில் வைக்கப்படும், ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊர்களிலும்கூட. ஒவ்வொரு முறையும் மிட்டாய்க்கு ஆர்டர் போடுவார்கள், எடை போடுவார்கள். எடைக்குச் சான்றிதழில் எண் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் என்ன எழுதுவது என்பதை அந்தந்த மியூசியத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிதாக முடிவு செய்ய வேண்டும்.