பந்து வீசக் கற்றுத் தருபவரிடம் கேட்க வேண்டியது

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வாத்தியார் தேடுவது பெரிய வேலை. பாட்டு வாத்தியார், கணக்கு வாத்தியார், இப்போது விளையாட்டுக்கும் வாத்தியார். தேடும்போது நாம் முதலில் விசாரிப்பது, "அவர் எவ்வளவு பெரிய ஆள்?" என்பதைத்தான். விளையாட்டு விஷயத்தில் இந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பது என் கட்சி. "குழந்தையின் கையை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சென்ற ஆண்டு கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். பேத்திக்குப் பதினொரு வயது. சாஃப்ட்பால் ஆடுகிறாள், அதிலும் பந்து வீசுகிற பிட்சர். பேஸ்பாலின் தங்கை என்று இந்த ஆட்டத்தைச் சொல்லலாம். பெயரில்தான் 'சாஃப்ட்', 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து கெட்டியாகவே இருக்கிறது. கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விட வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிரிவில் வீச்சுத் தூரம் 40 அடி, பெரிய பெண்களுக்கு 43 அடி. ஆட்டத்தின் பாரமெல்லாம் பிட்சர் தலையில் என்பதால், அவர்களுக்கென்றே தனி வாத்தியார்கள் இருக்கிறார்கள். அப்பாமார்கள் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மகள் வீசும் பந்தைப் பிடிக்கிறார்கள். எங்கள் மாப்பிள்ளையும் ஒரு வாளி வாங்கி வைத்திருந்தார்.

கீழிருந்து வீசுவது இயற்கையான அசைவு, எத்தனை பந்து வீசினாலும் கை கெடாது என்று அங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அது தவறு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் வீசிய பிட்சர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். தோள் மூட்டைப் பிடுங்கி இழுக்கும் விசை, சராசரியாக உடல் எடையில் 80 சதவீதம்! அதுவும் ஒவ்வொரு பந்துக்கும். நான் தண்டவாளத்தோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவன். ஒரே ஒரு வண்டி ஏறித் தண்டவாளம் முறிவது அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். அதற்காகத்தான் அல்ட்ராசோனிக் சோதனை வைத்தோம். பாதையில் எத்தனை டன் ஓடியது என்று கணக்கும் வைத்தோம்.

பேத்தியின் தோளுக்கு அந்தக் கணக்கை யார் வைப்பது? சிறுவர் பேஸ்பாலில் லிட்டில் லீக் அமைப்பு 2007-லேயே பந்துக்கு வரம்பு போட்டது: 11, 12 வயதுக்கு நாளொன்றுக்கு 85. சாஃப்ட்பாலில் பல போட்டிகளில் பந்தை எண்ணுவதே இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே சிறுமி வீசுவதைப் பார்த்தேன். "2008 பெய்ஜிங்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கித் தரவில்லையா?" என்றார் ஒரு அப்பா. வாங்கித் தந்தார். அவருக்கு அப்போது வயது 26. பதினொரு வயதில் எலும்பின் நுனிகள் இன்னும் குருத்தாக அல்லவா இருக்கின்றன?

மாப்பிள்ளை இரண்டு பேரைப் பார்த்து வைத்திருந்தார். முதலாமவர் கல்லூரி அணியில் ஆடியவர். சுவர் முழுக்கக் கோப்பைகள். அரை மணிப் பாடத்தில் பத்து நிமிஷம் மணிக்கட்டைச் சொடுக்க வைத்தார். பிறகு, வீசி முடித்ததும் முழங்கை கேச்சரைப் பார்த்து உயர வேண்டும் என்றார். பலரும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் சிறந்த பிட்சர்களின் படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்தை விடும் கணத்தில் முன்கை இடுப்பை உரசியபடி சாட்டை போல உள்பக்கம் திரும்புகிறது. முழங்கை உயர்ந்தாலும், அது பந்து போன பிறகு நடப்பது. அதைச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாளின் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அவரும் இடுப்பை உரசித்தான் வீசியிருக்கிறார்! நன்றாக ஆடியவருக்குத் தன் கை என்ன செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாமவர் ஒரு பள்ளி ஆசிரியை. கோப்பை ஒன்றும் கண்ணில் படவில்லை. போன வாரம் எத்தனை பந்து வீசினாய், எங்கே வலி, வருஷத்தில் எந்த மாதங்கள் ஓய்வு என்று பேத்தியிடமே கேட்டார். வலி என்று சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று குழந்தைகள் வாயே திறப்பதில்லை; இவரிடம் அவள் சொன்னாள். இரண்டு வருஷமாகக் கற்கும் பெண்களின் பாடத்தையும் எங்களைப் பார்க்க விட்டார். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. பந்து விடும் இடத்தில் மட்டும் இருவர் கையும் ஒன்றுபோலவே இருந்தது.

இவரையே வைத்தார்கள். முதல் மூன்று வாரம் பக்கத்திலிருந்து வலைக்குள் வீசும் பயிற்சிதான். வாளிக்கு வேலையில்லை என்று மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்.

இங்கே மகாராஷ்டிரத்திலும் பள்ளிகளில் சாஃப்ட்பால் உண்டு. வேகப்பந்து வீச கிரிக்கெட் அகாடமிக்குப் போகிற பையன்களோ நம் வீடுகளில் நிறையவே இருக்கிறார்கள். பணம் கட்டுமுன் ஒரு மாலை முழுக்க வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். பையன் எத்தனை பந்து வீசினான் என்று அங்கே யாராவது நோட்டில் எழுதுகிறார்களா? எழுதவில்லையென்றால் அடுத்த அகாடமியைப் பாருங்கள்.