ஓலையும் ஒப்பாரியும்



போரில் தம்பியைப் பறிகொடுத்த பின் ஒருநாள் மகளிர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் தந்து, மனதில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் இருந்தும் ஒரு வரிகூட வரவில்லை. எனக்குள் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தபடி கரவெட்டிக்குத் திரும்பினேன்.

அயல்வீட்டு ஆச்சி திண்ணையில் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தா. நடந்ததைச் சொன்னேன்.

"வெறுங் கடதாசியைப் பாத்துக்கொண்டிருந்தா என்ன பிள்ளை வரும்? இந்தா, ஓலையைப் பிடி" என்றா.

காய்ந்த சார்வோலையைச் சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்ந்து தந்தா. முதல் நாள் இழைத்தது கோணிப்போனது. பிரித்துத் திரும்பவும் இழைத்தேன். சில நாளில் சின்னக் குட்டான் ஒன்று உருவாகியது. அம்மா தான் இழைக்கும் பெட்டிகளில் ஒரு சிவப்பு ஓலை சேர்ப்பா. அந்த நினைவில் நானும் ஒரு சிவப்பு ஓலை சேர்த்தேன். பக்கத்தில் ஒரு பச்சை ஓலையும் வைத்தேன். தம்பியின் சைக்கிள் பச்சை நிறம். அந்த ஓலையை மடக்கும்போதுதான், பல மாதங்களுக்குப் பிறகு, வாய்விட்டு அழுதேன்.

அன்று ஒன்று விளங்கியது. என் துக்கம் எனக்குள்தான் இருந்தது. ஆனால் அது வெளியே வர, வெளியிலிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. ஓலை, அம்மாவின் பழக்கம், ஆச்சியின் துணை மூன்றும் சேர்ந்தே அதற்கு வழி விட்டன.

எங்கள் ஒப்பாரியை யோசித்துப் பாருங்கள். மெட்டு பழையது. உவமைகளும் பாட்டி, பூட்டி காலத்தவை. ஆனால் செத்தவீட்டில் ஒரு பெண் அழுது பாடும்போது, இறந்தவரின் குணமும் தொழிலும் கடைசி நாளும் அதற்குள் புதிதாக வந்து விழுகின்றன. அவள் புத்தகம் படிக்காதவளாக இருக்கலாம். என்றாலும் அந்த இடத்தில் அவள் ஒரு புலவர். தோளோடு தோள் சேர்த்துக் கூட அழும் பெண்கள் இருப்பதால்தான் அவளுக்கு அடுத்த அடி வருகிறது. எங்கள் ஊரில் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி, பழந்தமிழர் நாடகத்தின் வேர்களைக்கூட மக்கள் கூடிச் செய்த சடங்குகளில்தான் தேடினார்.

தூர நாடொன்றிலும் இப்படி நடந்தது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களைத் தேடிய தாய்மாரும் மனைவிமாரும் தேவாலயத்தின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியில் பழந்துணித் துண்டுகளை வைத்துப் படங்களாகத் தைத்தார்கள். சிலர் காணாமற்போன தம் பிள்ளைகளின் உடுப்பிலிருந்தே துண்டுகளை வெட்டினார்கள். வெளிநாடுகளில் விற்ற அந்தத் துணிகள் அடுப்பெரிய உதவின. நாட்டில் பேச முடியாத உண்மையை உலகுக்குச் சொல்லவும் உதவின.

நம் மண்ணிலும், 1986 இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பை யாழ்ப்பாணத்தில் வெளியிட்டது. 10 பெண்களின் குரல்கள் ஒரே புத்தகத்தில் ஒன்றாக ஒலித்தன. ஒருவரின் சொல் இன்னொருவருக்குத் துணிவாகும்.

சகோதரிகளே, பெட்டி இழைத்ததால் தம்பி திரும்பி வரவில்லை. இழைக்க மனம் வராத நாட்களும் உண்டு. அதற்காக உங்களையே குறை சொல்லாதீர்கள். நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் நாட்கள் நீண்டால் உளவளத்துணையாளர் ஒருவரிடம் கதையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற நாட்களில், வெறுங்கையோடு தனியே இருக்க வேண்டாம். உங்கள் அம்மாவிடமிருந்து கை பழகிய ஒன்றை எடுங்கள். கோலம், தையல், பலகாரம், தாலாட்டு எதுவாகவும் இருக்கலாம். அதில் உங்களுடையதாக ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். பிறகு ஒருவருக்குக் காட்டுங்கள்.

என் குட்டானைப் பார்த்த ஆச்சி, "பச்சை ஆருக்கு?" என்று கேட்டா. சொன்னேன். அவ ஒன்றும் பேசாமல் அடுத்த ஓலையை வார்ந்து என் கையில் தந்தா.