ஏலம் நின்றது, ஏதம் நின்றதா?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், அரிட்டாபட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அடங்கிய நிலப்பரப்பைத் தோண்டி, டங்சுட்டன் எனப்படும் தங்குதன் மாழையை எடுப்பதற்கென நடுவணரசு விட்ட ஏலம், 2025 சனவரி 23-இல் கைவிடப்பட்டது. ஊரார் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் பிழையில்லை. ஆயின், ஏலம் நின்றதனாலேயே ஏதமும் நின்றுவிட்டதெனக் கருதித் தமிழர் உறங்கிவிடுவரேல், அவ்வுறக்கமே மலை விழுங்கிகட்கு நல்வாய்ப்பாகிவிடும்.

நடந்தவற்றை நினைவிற் கொள்வோம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சார்ந்த 193.21 எக்டேர் நிலத்தைத் தமிழகத்தின் முதற் பல்லுயிர் மரபிடமாக அறிவித்தது. ஈராண்டே கழிந்தது. 2024 நவம்பர் 7-இல், நாயக்கர்பட்டித் தொகுதி என்னும் பெயரால் 2,015.51 எக்டேர் நிலத்தை, வேதாந்தாவின் கிளையாகிய இந்துசுத்தான் சிங்க்கு நிறுவனம் ஏலத்தில் வென்றதாக அறிவிப்பு வந்தது. திசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7-இல் உழவரும் பெண்டிரும் இளைஞரும் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கித் திரண்டு வந்தனர். அதன்பின்னரே தில்லி இறங்கி வந்தது.

இடையில் நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. 2024 திசம்பர் 24-இல் நடுவணரசு, மரபிடப் பகுதியை மட்டும் விலக்கி எல்லையை மறுவரையறை செய்யலாமா என ஆராயும்படி கூறிற்று. கேட்பதற்கு இது நயமாகத் தோன்றும். ஆயின், நீர் அறிந்தோர் இதனை ஒப்புவரோ? இங்குள்ளவை ஏழு குன்றுகள். அவற்றைச் சார்ந்து 72 நீர்நிலைகளும் 200 ஊற்றுச் சுனைகளும் உள்ளன. மழைநீர் பாறையில் வழிந்து, சுனையில் தங்கி, ஓடையில் இறங்கி, ஒரு கண்மாய் நிரம்பியபின் கலிங்கு வழியே அடுத்த கண்மாயை அடையும். இத்தொடரில் ஒரு கண்ணியை அறுத்தால் கீழுள்ளவை அனைத்தும் வறளும். மலையை விட்டுவிட்டு அதன் அடிவாரத்தைத் தோண்டுவோம் என்பது, தலையைத் தொடமாட்டோம், கழுத்தை மட்டுமே அறுப்போம் என்பதனோடு ஒக்கும்.

தங்குதன் நாட்டுக்கு வேண்டும் என்பாரும் உளர். மாழைகளுள் மிகுந்த வெப்பத்தில் உருகுவது அது. துளைக்கருவிகட்கும் படைக்கலங்கட்கும் பயன்படுவது. மறுக்கவில்லை. ஆயின், அது கல்லில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கினும் குறைவாகவே கலந்திருக்கும். ஒரு பங்கு மாழைக்காக நூறு பங்கிற்கு மேற்பட்ட கல்லை உடைத்துப் பொடித்துக் கழிவாகக் குவித்தல் வேண்டும். அக்கழிவு எவர் கண்மாயிற் கரையும்? எவர் வயலிற் படியும்? மேலூர் மக்கட்கு இது கேள்விப்பட்ட செய்தியன்று. கருங்கல் வெட்டியோர் இவ்வட்டாரத்தைச் சிதைத்த வரலாற்றை ஆராய, 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் சகாயம் அவர்களை அமர்த்த நேர்ந்ததை நாடறியும்.

அமெரிக்காவின் அலாசுக்காவில், சால்மன் மீன்கள் முட்டையிட ஏறிவரும் பிரிசுட்டல் விரிகுடா ஆற்றுப்பரப்பில், செம்பும் பொன்னும் தோண்டப் பெருந்திட்டம் தீட்டினர். தொல்குடியினரும் மீனவரும் பல்லாண்டு போராடினர். 2023 சனவரியில் அந்நாட்டுச் சூழல் காப்புத்துறை, தூய நீர்ச் சட்டத்தைக் கொண்டு அதனைத் தடுத்தது. அங்கு மீனைக் காக்க நீரைக் காத்தனர். இங்கு நெல்லையும், இராசாளியையும், எறும்புண்ணியையும், தேவாங்கையும் காக்க நாம் நீரைக் காத்தல் வேண்டும்.

மேலும், இம்மலைகள் நம் மொழியின் ஆவணக் களரி. மாங்குளம் மலைக் கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கி, ஈராயிரம் ஆண்டுகட்கும் மேலாக நிற்கின்றன. அரிட்டாபட்டியிலோ தமிழிக் கல்வெட்டும், சமணர் படுக்கையும், குடைவரைச் சிவன் கோயிலும் ஒரே மலைச்சாரலில் உள. எழுத்தின் தொன்மையை மேடையிற் பேசி, எழுதிய கல்லை இழப்பது எத்துணைப் பேதைமை!

இனிச் செய்யத்தக்கது யாது? 2023-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், தங்குதன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் உரிமையை நடுவணரசின் கையிற் சேர்த்தது. அச்சட்டம் உள்ளவரை, இன்று கைவிட்டதை நாளை வேறு பெயரால் எடுக்க வழியுண்டு. ஏலக் காலத்தில் மாநிலம் மறுக்கவில்லை எனத் தில்லி கூறிற்று. 2023 அக்டோபரிலேயே எதிர்த்து எழுதினோம் என மாநிலம் கூறிற்று. ஈரரசுகளின் மடல்களை நம்பியா ஒரு மலை நிற்பது?

ஆகவே, மரபிட எல்லை 193 எக்டேரோடு நில்லாது நீர்வரத்துப் பரப்பு முழுமைக்கும் விரிதல் வேண்டும். காவிரிப் படுகைக்கென 2020-இல் இயற்றிய வேளாண் மண்டலக் காப்புச் சட்டம் போன்றதொன்று மேலூர்ப் பகுதிக்கும் வேண்டும். மண்ணுக்கடியிலுள்ளதன் மீது முடிவெடுக்கும் உரிமை, மண்ணின் மேல் வாழ்வோர்க்கும் அவர்தம் மாநிலத்திற்கும் மீளல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் வரை நரசிங்கம்பட்டியிற் புறப்பட்ட அந்நடை முடிந்ததாகக் கொள்ளற்க. எழுக தமிழினம்! காக்க நம் மலையும் நீரும்!