ஃபியட்டின் கதையில் தொழிலாளர் எங்கே?

ஃபியட் எண்டதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வாறது 1957இல் வந்த அந்தக் குட்டி 500 கார்தான். எங்களுக்கும் அதைப் பிடிக்கும். ஆனால் அந்தக் கொம்பனியின் வரலாற்றைத் தேடினால், 1899இல் டூரின் நகரத்தில் ஜியோவானி அன்யெல்லியும் கூட்டாளிகளும் தொடங்கினது, 1966இல் பேரன் ஜியானி தலைவரானது, எந்த வருசம் எந்த மொடல் எண்டு ஒரு குடும்பக் கதைதான் கிடைக்குது. காரைச் செய்த ஆக்கள் எங்கே?

1920 செப்டெம்பரில் டூரின் தொழிலாளர்கள் ஃபியட் உட்பட பல தொழிற்சாலைகளைக் கைப்பற்றி, தாங்களே நடத்திப் பார்த்தார்கள். வகுப்பில் நாங்கள் படிக்கிற கிராம்சி அந்த நேரம் அதே நகரத்தில் இருந்துகொண்டு தொழிலாளர் அவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1939இல் முசோலினி வந்து மிராஃபியோரி தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். நாலே வருசத்தில், 1943 மார்ச்சில், பாசிச ஆட்சியை உலுக்கின வேலைநிறுத்தங்கள் அங்கேதான் தொடங்கின.

போருக்குப் பிறகு தெற்கு இத்தாலியில் இருந்து ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி டூரின் வந்தார்கள். தெற்கத்தியாருக்கு வீடு வாடகைக்கு இல்லை எண்டு போர்ட் தொங்கின காலம் அது. 1970இல் இன்னொரு விசயம் வெளிவந்தது. யார் எந்தத் தொழிற்சங்கம், யாருடைய அரசியல் என்ன எண்டு வேவு பார்த்து, கொம்பனி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை எழுதி வைத்திருந்தது. 500 உருவான அதே காலத்தில்தான் இந்தக் கோப்புகளும் குவிந்தன.

ஃபியட் இல்லாட்டி சாதாரண இத்தாலியக் குடும்பம் கார் வாங்கியிருக்குமா எண்டு கேக்கலாம். நியாயமான கேள்வி. தொழிலாளர் பக்கமும் ஒரே குரலில் இருக்கவில்லை. ஆட்குறைப்புக்கு எதிரான 1980 வேலைநிறுத்தம் 35 நாள் நீடித்தது. அதை முடித்து வைத்தது, வேலைக்குத் திரும்பவேணும் எண்டு மேற்பார்வையாளர்களும் அலுவலக ஊழியர்களும் நடத்தின பேரணி. இந்தச் சிக்கலோட சேர்த்துத்தான் வரலாறு எழுதப்படவேணும் எண்டுறம்.

கூரையில் கார் ஓட்டிப் பார்க்கிற பாதையோட கட்டின லிங்கொட்டோ தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. இப்ப அங்கே கடைத்தொகுதியும் ஹோட்டலும். அந்தப் பாதையை இண்டைக்கும் போய்ப் பார்க்கலாம். அங்கே படம் எடுக்கிற ஆக்கள், கீழ்மாடிகளில் 60 வருசமாக வேலை செய்தவர்களையும் ஒருக்கால் நினைச்சுப் பார்க்கவேணும்.