டிவியில்தான் பார்த்தேன்

‘அன்பே சிவம் எங்க பார்த்தீங்க?’ என்று கேட்டால் ‘டிவிலதான்’ என்பேன். கேட்டவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். எனக்குச் சண்டை அந்தச் சிரிப்போடுதான்.

2003 பொங்கலுக்கு வந்த படம் அது. அதே பொங்கலுக்கு வந்த ‘தூள்’ ஓடியது, இது ஓடவில்லை. அன்று தியேட்டர் கைவிட்ட படத்தை இன்று எல்லோரும் கொண்டாடுகிறோமே, நடுவில் என்ன நடந்தது? பெரும்பாலும் டிவி. சானல் மாற்றும்போது பாதியில் அகப்பட்டு, அடுத்த முறை முதல் பாதியைப் பார்த்து, துண்டு துண்டாக ஒட்டவைத்துக்கொண்ட சும்மா பார்வையாளர்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள். 2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்கும் மவுசு மெதுவாகத்தான் கூடியது. 2021 கடைசி நாளில் அதை மறுபடி தியேட்டருக்கே கொண்டுவந்தார்கள்.

விளம்பரம் போட்டுப் படத்தைக் கொல்கிறார்கள், பாட்டை வெட்டுகிறார்கள். உண்மைதான், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நகைக்கடைக்கும் சோப்புக்கும் நடுவில் மாட்டியும் ஒரு காட்சி நம்மை உட்காரவைக்கிறது என்றால், அதைவிடக் கடுமையான பரீட்சை எது? இருட்டும் இல்லை, டிக்கெட் காசு போச்சே என்ற கவலையும் இல்லை. பிடிக்கவில்லையென்றால் ரிமோட் கையில் இருக்கிறது.

என் அம்மா அந்தப் படத்தை அடுப்படியிலிருந்து காதால் பார்த்தவள். எத்தனையாவது முறையோ ஓடியபோது கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். ரயில் விபத்தில் அடிபட்ட பையனுக்காக மாதவன் பதறும் இடம். ‘இவன் இப்பத்தான் மனுசனா ஆகுறான்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இடைவேளையிலேயே தீர்ப்பெழுதும் விமர்சகர்களிடம் இப்படி ஒரு வரியை நான் இன்னும் படிக்கவில்லை.

டிவிக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி என்று சோபாவில் நட்சத்திரங்களை உட்காரவைத்து, ‘கதையச் சொல்ல மாட்டேன், தியேட்டர்ல பாருங்க’ என்பதை மணிக்கணக்கில் காட்டுகிறார்கள். பண்டிகையன்று வீட்டில் இருப்பவர்களுக்கு விளம்பரத்தையே பலகாரமாகப் பரிமாறுகிறார்கள்.

இன்று படங்கள் ஓடிடிக்குப் போய்விட்டன. அங்கே எல்லாமே இருக்கிறது, பெயர் தெரிந்து தேடினால் போதும். ‘அன்பே சிவம்’ எங்கள் வீட்டுக்குத் தேடாமலே வந்த படம். இனி அப்படி ஒரு படம் வந்தால், அம்மா என்னவென்று தேடுவாள்?